உண்ணியும் காட்டு விலங்கும் காய்ச்சலும்: கொழும்பில் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

மார்கழி விடுமுறைக்கு ஊருக்குப் போய்வந்த கொழும்பு வீடுகளில் தை மாதம் இரண்டு பேச்சு அடிபடும். ஒன்று, கொண்டுவந்த பனங்கிழங்கு. மற்றது, அங்கிருந்து வந்த கையோடு ஆருக்காவது பிடித்து விடாமல் அடிக்கும் காய்ச்சல். டெங்கு இல்லை, எலிக்காய்ச்சலும் இல்லை என்று வந்த பிறகுதான் "உண்ணி கடித்ததா?" என்று டொக்டர் கேட்பார். அதற்குப் பிறகு வீட்டில் எல்லோரும் எல்லோரையும் கேட்கும் கேள்விகள் இவை. 2025 மார்ச்சில் நாடு முழுவதும் குரங்கு, மயில், மரஅணில் எண்ணிய பிறகு இன்னும் சில கேள்விகள் சேர்ந்துவிட்டன.

உண்ணியும் தெள்ளும் ஒன்றா?

இல்லை. தெள்ளு ஆறு கால் பூச்சி, பாயும். உண்ணி சிலந்தியின் சொந்தக்காரன். வளர்ந்ததற்கு எட்டுக் கால், குஞ்சுக்கு மட்டும் ஆறு. அது பாயாது, பறக்காது, மரத்திலிருந்து தலையில் குதிக்கவும் மாட்டாது. புல் நுனியில் ஏறி முன்னங்கால்களை விரித்துக்கொண்டு காத்திருக்கும். நாம் விடும் மூச்சுக்காற்றையும் உடற்சூட்டையும் அந்தக் கால்களில் உள்ள ஓர் உறுப்பால் உணரும். உரசிக்கொண்டு போனால் தொற்றிக்கொள்ளும், அவ்வளவுதான்.

யாழ்ப்பாணத்தில் "உண்ணிக்காய்ச்சல்" என்கிறார்களே, அது இந்த உண்ணியாலா வருகிறது?

பெயர்தான் குழப்பம். வடக்கில் மாரிகாலத்தை ஒட்டி வரும் உண்ணிக்காய்ச்சலில் பெரும்பகுதி பற்றைக் காய்ச்சல். அதைக் கொண்டுவருவது நாயில் தொங்கும் உண்ணி அல்ல, பற்றையிலும் ஈரமண்ணிலும் வாழும் சிற்றுண்ணியின் குஞ்சு. ஒரு மில்லிமீற்றரில் கால்வாசி கூட இராது. கடித்தது தெரியாது. மலைநாட்டில், கண்டிப் பக்கம், அதிகம் காணப்படுவது வேறொரு வகை. அதைப் புள்ளிக்காய்ச்சல் என்பார்கள், அது உண்மையான உண்ணிகள் பரப்பும் குடும்பத்தைச் சேர்ந்தது. இரண்டும் ஒரே மருந்துக்குக் கேட்கும் என்பதால் வைத்தியசாலையில் "டைபஸ்" என்ற ஒரே பெயரில் எழுதிவிடுகிறார்கள். தொற்றுநோய்ப் பிரிவு வாராவாரம் வெளியிடும் அட்டவணையிலும் டைபஸ் என்று ஒரே நிரல்தான்.

விலங்குகளைப் பற்றிப் பேசும்போது இந்த வித்தியாசம் முக்கியம். பற்றைக் காய்ச்சலில் எலி சிற்றுண்ணிக்குச் சாப்பாடு. ஆனால் கிருமியைத் தலைமுறை தலைமுறையாக வைத்திருப்பது எலி அல்ல, சிற்றுண்ணிதான். தாய் முட்டை வழியாகவே குஞ்சுக்குக் கொடுத்துவிடும்.

காட்டு விலங்குக்கும் மனிதனுக்கு வரும் காய்ச்சலுக்கும் உண்மையில் என்ன தொடர்பு?

இதைக் கொஞ்சம் ஆறுதலாகப் பார்க்கவேண்டும். விலங்கு என்றால் எல்லா விலங்கும் ஒரே குற்றவாளி என்று நினைப்பதில்தான் பிழை தொடங்குகிறது.

ஓர் உண்ணிக்கு விலங்குகள் மூன்று விதமாக உதவலாம். சில விலங்கு அதற்குச் சாப்பாட்டுக்கடை. வயிறு நிறையக் குடித்து, கீழே விழுந்து, ஆயிரக்கணக்கில் முட்டை இட வழிசெய்யும். சில விலங்கு கிருமிக்குக் களஞ்சியம். தனக்கு ஒன்றும் ஆகாமல் இரத்தத்தில் கிருமியை வைத்துக்கொண்டு, வந்து கடிக்கும் உண்ணிக்கெல்லாம் கொடுக்கும். சில விலங்கு வெறும் பஸ். ஓர் ஊரில் ஏற்றி இன்னோர் ஊரில் இறக்கிவிடும். ஒரே விலங்கு மூன்றையும் செய்வது அபூர்வம்.

இதை மிக நுணுக்கமாக ஆராய்ந்தது அமெரிக்காவின் லைம் நோயில். கனெக்டிகட் மாநிலத்தில் லைம் என்ற சிற்றூரில் 1975 அளவில் பிள்ளைகளுக்கு மூட்டு வீக்கம் கூட்டமாக வந்தது. அந்த ஊர்ப்பெயரே நோய்ப்பெயர் ஆனது. கிருமியைப் பின்னர் உண்ணியின் குடலில் கண்டுபிடித்தவர் வில்லி பேர்க்டோர்ஃபர். அங்கே எல்லோர் கண்ணிலும் பட்டது மான், வீட்டு முற்றம் வரை வரும் வெள்ளைவால் மான். "மான் உண்ணி" என்றே பெயர் வைத்தார்கள். பிறகு பார்த்தால் மானின் உடலில் அந்தக் கிருமி நிலைப்பதே இல்லை. உண்ணிக் குஞ்சு முட்டையிலிருந்து கிருமி இல்லாமல்தான் பிறக்கிறது. முதல் தடவை வெள்ளைக்கால் எலியைக் கடிக்கும்போது கிருமியை வாங்குகிறது. அடுத்த வருடம் கசகசா அளவு இளம் உண்ணியாக மனிதனைக் கடித்து அதைக் கொடுக்கிறது. வளர்ந்த பிறகு மானில் ஏறி, குடித்து, முட்டை இடுகிறது. மான் கடை, எலி களஞ்சியம்.

அதனால் அங்கே காட்டில் ஓக் மரம் காய்த்துக் கொட்டும் வருடத்தைக் கூட ஆய்வாளர்கள் கவனிக்கிறார்கள். கொட்டை நிறைந்தால் அடுத்த வருடம் எலி பெருகும், அதற்கடுத்த கோடையில் கிருமி கொண்ட இளம் உண்ணி பெருகும். ஒரு மரத்தின் விளைச்சல் இரண்டு வருடம் கழித்து ஒரு பிள்ளையின் முழங்காலில் வந்து நிற்கிறது என்றால், இதில் குற்றவாளியைத் தேடுவது எவ்வளவு சிக்கல் பாருங்கள்.

விலங்கைக் குறைத்தால் நோய் குறைய வேண்டும்தானே?

சில இடத்தில் குறைந்திருக்கிறது. அமெரிக்காவின் மெய்ன் மாநிலத்தில் மொன்ஹேகன் என்ற சிறு தீவில் 1996 தொடக்கம் 1999 வரை மான்கள் முழுவதையும் அகற்றினார்கள், சில வருடத்தில் மான் உண்ணி வெகுவாக விழுந்துவிட்டது. ஆனால் அது தீவு. வெளியிலிருந்து நீந்தி வர மானும் இல்லை, மிச்சமிருந்த உண்ணி ஏறிக்கொள்ள வேறு பெரிய விலங்கும் அங்கே பெரிதாக இல்லை.

இத்தாலியின் அல்ப்ஸ் மலையில் நடந்தது நேர்மாறு. சிறு சிறு துண்டுக் காடுகளை வேலியடைத்து மானை வெளியே நிறுத்தினார்கள். உள்ளே உண்ணி குறையவில்லை, கூடியது. மான் இல்லாததால் பசித்த உண்ணிகள் எல்லாம் எலிகளில் ஏறின. எலியோ அங்கே உண்ணி பரப்பும் மூளைக்காய்ச்சல் வைரசின் களஞ்சியம். கடையை மூடப் போய், வாடிக்கையாளர் எல்லோரையும் களஞ்சியத்துக்கு அனுப்பிய கதை.

கலிபோர்னியாவில் ஒரு வகை ஓணானின் இரத்தம் லைம் கிருமியையே கொல்லும். அப்படியானால் ஓணானை எடுத்தால் நோய் கூடும் என்றுதான் எவரும் நினைப்பார்கள். எடுத்துப் பார்த்தபோது கிருமி கொண்ட உண்ணி குறைந்தது, ஏனென்றால் ஓணானை நம்பியிருந்த குஞ்சு உண்ணிகளில் பெரும்பாலானவை வேறு விலங்கில் ஏறாமலே பசியில் செத்துப்போயின. ஆகவே "இந்த விலங்கை எடுத்தால் இது நடக்கும்" என்று மேசையில் இருந்து சொல்பவரை நான் நம்புவதில்லை.

காட்டில் விலங்கு வகை அதிகம் இருந்தால் நோய் குறையும் என்பது சரியா?

பாதி சரி. கிருமியைக் கொடுக்காத விலங்குகள் நிறைய இருந்தால் உண்ணியின் கடிகள் அவற்றில் வீணாகிவிடும் என்பதே அந்தக் கருத்து. அமெரிக்காவில் ரிச்சர்ட் ஓஸ்ட்பெல்ட்டும் பெலிசியா கீசிங்கும் இதை முன்வைத்தவர்கள். காடு துண்டாகி எலி மட்டும் மிஞ்சும் இடங்களில் இது பொருந்துகிறது. எல்லா நோய்க்கும் எல்லா ஊருக்கும் பொருந்தும் என்று சொன்னால் இன்றும் விஞ்ஞானிகள் சண்டை பிடிப்பார்கள்.

நரி, மரநாய் போன்ற வேட்டை விலங்கின் பங்கு சுவாரசியமானது. நெதர்லாந்தில் 2017இல் வெளிவந்த ஓர் ஆய்வு, நரியும் மார்ட்டன் என்ற சிறு வேட்டை விலங்கும் நடமாடும் காட்டில் எலிகளில் உண்ணி குறைவு என்று கண்டது. எலியை எல்லாம் தின்று முடித்ததால் அல்ல. பயந்த எலி கண்டபடி ஓடித் திரியாது, திரியாத எலியில் உண்ணியும் அதிகம் ஏறாது.

குரங்கைக் குறைத்தால் குரங்குக் காய்ச்சல் வராதா?

இந்தக் கேள்வி இங்கே அரசியலோடு வருகிறது. 2023இல் ஒரு இலட்சம் செங்குரங்கைச் சீனாவுக்கு அனுப்பும் யோசனை பேசப்பட்டது. 2025 மார்ச் 15ஆம் திகதி காலை எட்டு மணிக்கு ஐந்து நிமிடம் நாடு முழுவதும் குரங்குகளை எண்ணினார்கள். இவை தேங்காயும் மரக்கறியும் அழிவதைப் பற்றிய கவலைகள். விவசாயியின் அந்தக் கவலை நியாயமானது. அதற்கு நோயைச் சாட்சிக்கு இழுப்பதுதான் பொருந்தாது.

குரங்குக் காய்ச்சல் என்பது இந்தியாவின் மேற்குத் தொடர்ச்சி மலைக்குரிய நோய். கர்நாடகத்தின் சிமோகா மாவட்டத்தில் கியாசனூர் காட்டில் 1957இல் அடையாளம் காணப்பட்டது. காட்டில் மந்தியும் குரங்கும் செத்து விழுந்த பிறகு ஊரில் ஆட்களுக்குக் கடும் காய்ச்சல் வந்தது. கன்னடத்தில் "மங்கன காயிலெ", அதாவது குரங்கு நோய் என்றே சொல்கிறார்கள். பிறகு கேரளத்தின் வயநாடு, தமிழ்நாட்டின் நீலகிரி, கோவா, மகாராஷ்டிரம் வரை தடம் தெரிந்தது. நோயாளிகளில் நூற்றுக்கு மூன்று முதல் ஐந்து பேர் வரை இறக்கிறார்கள்.

பெயரைக் கேட்டால் குரங்கு கொண்டுவந்து தருகிறது என்று தோன்றும். குரங்கும் நம்மைப்போல அகப்பட்டு இறப்பதுதான். வைரஸ் உண்ணியிலும் காட்டு எலி, மூஞ்சூறு போன்ற சிறு விலங்கிலும் சுற்றிக்கொண்டிருக்கிறது. குரங்குக்கு வந்தால் இரத்தத்தில் வைரஸ் மிதமிஞ்சிப் பெருகும். அது செத்து விழுந்ததும் உடல் குளிரும், உடலில் இருந்த உண்ணிகள் எல்லாம் இறங்கிவிடும். அந்த மரத்தடி சில வாரத்துக்கு ஆபத்தான இடம். விறகு பொறுக்கவும் சருகு கூட்டவும் போகிறவர்தான் முதலில் படுக்கிறார். ஆகவே கர்நாடகத்தில் செத்த குரங்கு ஒரு எச்சரிக்கை மணி. சுகாதார ஊழியர் ஓடிப்போய் அந்த இடத்தைச் சுற்றி மருந்தடிப்பார்கள், ஊருக்கு அறிவிப்பார்கள். சுட்டுக் குறைத்தால் அந்த மணியும் போய்விடும்.

இன்னொன்றையும் பாருங்கள். வளர்ந்த உண்ணிக்குப் பெரிய சாப்பாட்டுக்கடை காட்டில் மேய விடும் மாடு. மாட்டில் வைரஸ் பெருகாது, உண்ணி பெருகும். மாட்டை எவரும் குற்றம் சொல்வதில்லை, குரங்குக்குத்தான் கெட்ட பெயர்.

கொழும்பு நகருக்குள் எங்களுக்கு என்ன?

நினைப்பதைவிட விலங்கு அதிகம் உள்ள நகரம் இது. கூரைக்கும் சீலிங்குக்கும் இடையே இரவில் ஓடுவது பேய் அல்ல, மரநாய். பெத்தகான, தியசரு பூங்காப் பக்கம் மீன்பிடிப் பூனை வாழ்கிறது. தலங்கம, பத்தரமுல்லைத் தோட்டங்களில் கருமந்தி வரும். கால்வாய் ஓரத்தில் கபரகொய்யா வெயில் காயும். சதுப்புநிலங்களுக்காக 2018இல் ராம்சார் (சர்வதேச ஈரநில உடன்படிக்கை) நகரம் என்ற தகுதியும் கொழும்புக்குக் கிடைத்தது.

இவற்றில் அநேகமானவற்றில் உண்ணி இருக்கும். கபரகொய்யாவிலும் உடும்பிலும் ஒட்டும் உண்ணி ஊர்வனவற்றையே பெரிதும் விரும்பும். ஆனால் கொழும்பு வீட்டுச் சுவரில் ஊர்ந்து நீங்கள் காணும் உண்ணி பெரும்பாலும் காட்டிலிருந்து வந்ததே அல்ல. அது பழுப்பு நாய் உண்ணி, குஞ்சு முதல் கிழடு வரை நாயிலேயே சீவியம் நடத்தும். ஒரு பெண் உண்ணி ஆயிரக்கணக்கில் முட்டை இடும், பிறகு சுவர் வெடிப்பில், கட்டில் காலில், திரைச்சீலை மடிப்பில் மாதக்கணக்கில் பட்டினி கிடந்து காத்திருக்கும். வெள்ளவத்தையில் நாலாம் மாடி வீடு ஒன்றில் "எங்களுக்குத் தோட்டமே இல்லை, எப்படி வந்தது?" என்று கேட்டார்கள். பக்கத்து வீட்டில் நாய் இருந்தது. லிப்டும் இருந்தது.

நாய் உண்ணியால் மனிதனுக்குக் காய்ச்சல் வருமா?

நாய் இருக்கும்வரை அது மனிதனை அவ்வளவாக நாடாது. நாய்க்குத்தான் அது யமன். எர்லிக்கியா, பபேசியா என்று இரத்தத்தைக் குடைந்துவிடும் கிருமிகளைக் கொடுக்கும். நாய் சாப்பிடாமல் சோர்ந்தால், முரசு வெளிறினால், நாளைக்குப் பார்ப்போம் என்று விடாமல் மிருக வைத்தியரிடம் கொண்டுபோங்கள். உலகின் சில பகுதிகளில் இதே உண்ணி மனிதனுக்குப் புள்ளிக்காய்ச்சல் பரப்பியதும் உண்டு. ஆகவே நாயிலிருந்து உண்ணியைப் பிடுங்கி நகத்தால் நசுக்கும் பழக்கத்தை மட்டும் விட்டுவிடுங்கள், அம்மம்மா செய்தாலும். சவர்க்காரத் தண்ணீரிலோ ஸ்பிரிட்டிலோ போட்டால் போதும். நாயை மட்டும் குளிப்பாட்டிவிட்டு வீட்டு வெடிப்புகளை விட்டால் மூன்று வாரத்தில் திரும்ப வரும்.

மலைநாட்டில் இருந்து வந்த பிள்ளையின் காதுக்குள் உண்ணி. இது எப்படி?

கண்டி, பேராதனைப் பக்க வைத்தியர்களுக்கு இது புதிதல்ல. காதுக்குள் புகுவது பெரும்பாலும் டெர்மசென்டர் ஒராட்டஸ் என்ற உண்ணியின் இளம் பருவம். இதன் வளர்ந்த பருவத்துக்குச் சாப்பாட்டுக்கடை காட்டுப்பன்றி. பன்றி தோட்ட ஓரம் வரை வந்து கிளறும், உண்ணி அங்கேயே விழுந்து முட்டை இடும், குஞ்சு சிறு விலங்கில் வளரும், இளம் உண்ணி புல்லில் காத்திருக்கும். விடுமுறைக்குப் போன பிள்ளை புல்லில் புரண்டு விளையாடும்.

காது குடைவது, வலி, "உள்ளே ஏதோ நடக்குது" என்று பிள்ளை சொல்வது அடையாளங்கள். எண்ணெய் விடாதீர்கள், பட்ஸ் விடாதீர்கள், ஊக்கு வேண்டவே வேண்டாம். காது, மூக்கு, தொண்டை வைத்தியர் கருவி வைத்துப் பார்த்து எடுப்பார். நீங்கள் கிளறினால் உண்ணியின் வாய் உள்ளே முறிந்து நிற்கும், செவிப்பறையும் கிழியலாம்.

உடம்பில் ஒட்டிய உண்ணியை எப்படி எடுப்பது?

கூர்மையான சிறு இடுக்கியால் தோலோடு ஒட்டிப் பிடித்து, முறுக்காமல், நேராக மெதுவாக இழுக்க வேண்டும். மண்ணெண்ணெய், நெருப்புக்குச்சி, நகப்பூச்சு, சுண்ணாம்பு எதுவும் வேண்டாம். வேதனையில் உண்ணி வயிற்றில் உள்ளதைக் கடித்த இடத்துக்குள்ளேயே கக்கும். அட்டைக்கு உப்பு போடுவது வேறு கதை, இரண்டையும் குழப்ப வேண்டாம். எடுத்த பிறகு சவர்க்காரம் போட்டுக் கழுவுங்கள், திகதியைக் குறித்துவையுங்கள்.

ஊரில் இருந்து வந்து பத்து நாளில் காய்ச்சல். என்ன சொல்ல வேண்டும்?

எங்கே போனீர்கள் என்று சொல்ல வேண்டும். கொழும்பில் காய்ச்சல் என்றதும் எல்லோர் மனமும் டெங்குக்குப் போகும், அது சரியும்தான், அந்தப் பரிசோதனையைத் தவிர்க்கக் கூடாது. ஆனால் "வவுனியாவில் வளவு துப்புரவாக்கினேன்", "பதுளையில் தேயிலைக்குள் நடந்தேன்", "ஹோட்டன் சமவெளியில் மரை நின்ற புல்லுக்குள் படம் எடுத்தேன்" என்று நீங்கள் சொல்லாவிட்டால் டொக்டருக்கு எப்படித் தெரியும்? பற்றைக் காய்ச்சல் கடித்து ஒன்றிலிருந்து மூன்று வாரத்துக்குள் வரும். அதற்குள் பயணமே மறந்திருக்கும்.

உடம்பையும் பாருங்கள். கக்கம், இடுப்புப் பட்டி, தொடையிடுக்கு, மார்புக்குக் கீழ்: சிகரெட்டால் சுட்டதுபோல ஒரு கறுத்த பொருக்கு, நோவில்லாமல். வெட்கத்தில் பலர் காட்டுவதில்லை. அந்தப் பொருக்கு ஒன்றைக் கண்டாலே நல்ல வைத்தியர் பாதி நோயைக் கண்டுபிடித்துவிடுவார். புள்ளிக்காய்ச்சலில் உள்ளங்கை, உள்ளங்கால் வரை சிவந்த புள்ளி எழும்பும், மூட்டும் நோகும்.

இதற்கு மருந்து டொக்சிசைக்ளின், சிலருக்கு அசித்ரோமைசின். மலிவான மருந்துகள், அநேகருக்கு ஓரிரு நாளிலேயே காய்ச்சல் இறங்கும். பார்மசியில் கேட்டு வாங்கும் அமொக்சிசிலின் இதற்கு ஒன்றும் செய்யாது. நாலு நாள் அதைக் குடித்துப் பார்ப்பதில்தான் ஈரலும் நுரையீரலும் பாதிக்கப்படும் அளவுக்கு முற்றுகிறது. உறுதிப்படுத்தும் இரத்தப் பரிசோதனை பொரளையில் உள்ள மருத்துவ ஆராய்ச்சி நிறுவகத்தில் செய்யப்படுகிறது. ஆனால் முடிவு வரும்வரை வைத்தியர் மருந்தைப் பிந்தவிட மாட்டார்.

தங்கச்சி ஸ்காபரோவில் இருக்கிறா. அங்கே உண்ணி பயங்கரம் என்கிறா, உண்மையா?

உண்மைதான். கனடாவில் 2009இல் பதிவான லைம் நோயாளிகள் 144 பேர், 2021இல் 3,000ஐத் தாண்டியது. குளிர் குறைந்து எலியும் உண்ணியும் வடக்கே ஏறியது ஒரு காரணம். அங்கே பஸ் வேலை பார்ப்பது பறவைகள். ஒவ்வொரு வசந்தத்திலும் தெற்கிலிருந்து வரும் பறவைகள் ஐந்து கோடி முதல் பதினேழரைக் கோடி உண்ணிகளைக் கனடாவுக்குக் காவிவருவதாக ஒரு மதிப்பீடு உண்டு. ஸ்காபரோவின் ரூஜ் பூங்காவிலும் அந்த உண்ணி இருக்கிறது. நம்மவர்கள் கோடையில் பார்பிக்யூ போடும் பக்கம்தானே அது! வீட்டுக்கு வந்ததும் பிள்ளைகளின் முழங்கால் மடிப்பையும் தலைமயிர் ஓரத்தையும் தடவிப் பார்க்கச் சொல்லுங்கள். அந்தக் கிருமி இறங்கப் பொதுவாக ஒரு நாளுக்கு மேல் உண்ணி ஒட்டியிருக்க வேண்டும். அன்றைக்கே எடுத்தால் பெரும்பாலும் தப்பிவிடலாம்.

கிளினிக்கில் "மத்திய கிழக்கில் வேலை செய்தீர்களா?" என்று கேட்டார்கள். அதற்கும் உண்ணிக்கும் என்ன?

ஈராக், ஓமான், ஈரான், துருக்கி போன்ற நாடுகளில் கிரிமியன் கொங்கோ இரத்தக்கசிவுக் காய்ச்சல் இருக்கிறது. ஹயலோமா என்ற உண்ணி பரப்பும், ஆடு மாட்டின் இரத்தம் பட்டாலும் வரும். குஞ்சு உண்ணி முயலிலும் பறவையிலும் வளரும், பெரியது கால்நடையில் ஏறும். ஆடு மேய்த்தவர், இறைச்சி வெட்டியவர் என்றால் அதை மறைக்காமல் சொல்லிவிடுங்கள்.

வார இறுதியில் பெத்தகான சதுப்புநிலப் பூங்காவுக்குப் பிள்ளைகளைக் கூட்டிப் போகலாமா?

தாராளமாக. பலகைப் பாதையில் நடங்கள், சப்பாத்தும் நீளக் காற்சட்டையும் போடுங்கள். அங்கே எனக்கு உண்ணியைவிட நுளம்பு பயம்தான் அதிகம்.